ஒலிபெருக்கிக்கும் ஒரு காது வேண்டும்



எங்கள் பள்ளியின் மொழி வாரத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்விலிருந்து தொடங்குகிறேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் பேச்சுப் போட்டிக்காக மேடையேறினான். மூன்று வாரம் பயிற்சி பெற்றவன். அவையோருக்கு வணக்கம் கூறி முதல் வரியைத் தொடங்கியதுமே மண்டபத்து ஒலிபெருக்கி 'கூ...' என்று ஊளையிட்டது. ஆசிரியர் ஒருவர் ஓடிச்சென்று ஒலியைக் குறைத்தார். மாணவன் மீண்டும் தொடங்கினான். மீண்டும் அதே ஊளை. கீழே அமர்ந்திருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டனர். அவன் ஒலிவாங்கியை மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்விட்டான்.

அன்று மாலை அவனுடைய தாயார் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, இனிமேல் மேடைப் பக்கமே போகமாட்டேன் என்கிறான். பள்ளிக்கு நல்ல ஒலிபெருக்கியாக ஒன்று வாங்கக் கூடாதா? பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின்வழி நாங்கள் பணம் திரட்டித் தருகிறோமே" என்றார். நியாயமான கேள்வி. நல்ல ஒலிபெருக்கி என்பது எது? விலை மிகுந்ததா? உருவத்தில் பெரியதா? அறிவியல் கற்பிக்கும் ஆசிரியனாக இருந்தும் எனக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை.

விடை தேடி என் தாய்மாமனிடம் சென்றேன். அவர் தந்த விடை ஒலிபெருக்கியில் தொடங்கி, பினாங்குத் துறைமுகத்தில் என் தந்தையார் பார்த்த வேலையைத் தொட்டு, இறுதியில் என் வகுப்பறையில் வந்து நின்றது.

மாமாவின் மேசை

மாமா எழுபதைத் தாண்டியவர். 1972-ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வளாகம் உருவானபோது பினாங்கின் முகமே மாறியது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, லிட்ரோனிக்ஸ், போஷ், கிளாரியன் ஆகிய எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றும் பெருமையாகக் குறிப்பிடுவார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களின் பிள்ளைகள் பலர் அந்த வளாகத்துக்கு வேலைக்குப் போனார்கள். மாமாவும் அங்கே ஒரு வானொலித் தொழிற்சாலையில் பழுது பார்ப்பவராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். இப்போது அவர் வீட்டுப் பின்கூடத்தில் ஒரு மேசை. அதன்மேல் பழைய ஒலிபெருக்கிகள், பற்றவைக்கும் கோல், ஓர் அலைகாட்டி.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். "மாப்பிள்ளை, ஊளையிட்டது ஒலிபெருக்கியின் குற்றமன்று. ஒலிபெருக்கியில் இருந்து வந்த ஒலி ஒலிவாங்கிக்குள் நுழைந்தது. மின்பெருக்கி அதைப் பெரிதாக்கிற்று. பெரிதானது மறுபடியும் ஒலிவாங்கிக்குள் நுழைந்தது. தன் பேச்சையே கேட்டு, தானே ஆமாம் போட்டு, இன்னும் உரக்கப் பேசினால் என்ன ஆகும்? அதுதான் அந்த ஊளை" என்றார்.

இதற்கு நேர்ப் பின்னூட்டம் என்று பெயர். ஒரு சுற்று வந்து சேரும்போது ஒலி முன்னிலும் வலுத்திருந்தால், அது வளர்ந்துகொண்டே போய், மின்பெருக்கி தாங்கும் எல்லையை எட்டித்தான் நிற்கும்.

"ஒலிபெருக்கியின் உண்மையான குறை வேறொன்று" என்று மாமா தொடர்ந்தார். "தான் என்ன சொல்கிறோம் என்பது அதற்கே தெரியாது. அதற்கு வாய் மட்டுந்தான் உண்டு, காது இல்லை."

ஒலிபெருக்கி ஏன் பொய் சொல்கிறது?

ஒலிபெருக்கியின் அமைப்பு எளிமையானது. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. கூம்பைப் பழைய இடத்துக்கு இழுத்து வரும் வில் போன்ற தாங்கிகள். சுருளில் மின்னோட்டம் பாயும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைசும் எட்வர்டு கெல்லாகும் 1925-இல் வெளியிட்ட வடிவம் இது. நூறாண்டுகள் கடந்தும் பெரும்பாலான ஒலிபெருக்கிகள் இதே அடிப்படையில்தான் இயங்குகின்றன.

தாழ்ந்த ஒலிகளில்தான் இதற்குச் சோதனை வருகிறது. ஒரே அளவு உரப்பில் ஒலிக்க வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகக் குறையும்போது கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு நான்கு மில்லிமீட்டரும், 25 ஹெர்ட்ஸ் ஒலிக்குப் பதினாறு மில்லிமீட்டரும் அசைய வேண்டும். அவ்வளவு தொலைவு போகும்போது சுருள் காந்தத்தின் வலுவான பகுதியைவிட்டு வெளியேறுகிறது; தாங்கிகள் விறைத்துக்கொள்கின்றன. அலையின் உச்சி தட்டையாகிவிடுகிறது. உச்சி தட்டையான 50 ஹெர்ட்ஸ் அலையில், நாம் கேட்காமலேயே 100, 150, 200 ஹெர்ட்ஸ் ஒலிகளும் கலந்து வருகின்றன. ஒலிபெருக்கி சொல்லும் பொய் இதுதான். கொடுக்காத ஒலியைத் தானே சேர்த்துச் சொல்கிறது.

நம் இசைக்கருவிகளுக்கு இது பெரும் தீங்கு. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தோற்கருவியின் மேலொலிகள் அடிப்படை ஒலியோடு ஒழுங்கான கணக்கில் அமைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசப்படும் கரும்பசை அவற்றை இரண்டு, மூன்று, நான்கு என முழு மடங்குகளில் வந்து நிற்கச் செய்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1920-இலேயே இதைப் பற்றி எழுதினார். 1934-இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். கருவி செய்பவர் பல தலைமுறை அனுபவத்தால் சேர்த்த மேலொலிகளின்மீது, ஒலிபெருக்கி தன் பொய்யான மேலொலிகளையும் ஏற்றினால், நாம் கேட்பது அந்த மிருதங்கம் அன்று, வேறொன்று.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் எழுந்து சென்று ஓர் ஒலிநாடாவை எடுத்து வந்தார். என் தந்தையார் மிருதங்கம் வாசித்த பசனை ஒன்றின் பதிவு அது. தந்தையார் துறைமுகத் தொழிலாளி. வெள்ளிக்கிழமை இரவுகளில் கோயில் பசனையில் வாசிப்பவர். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த நாடாவை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு ஏமாற்றந்தான். தொப்பியில் அவர் இடக்கை விழும் ஒலி எனக்கு நினைவிலிருக்கிறது. நாடாவில் அது 'டம் டம்' என்று தகரப்பெட்டியைத் தட்டுவது போலவே கேட்கும். பதிவு கெட்டுவிட்டது என்று எண்ணி விட்டுவிட்டேன்.

"பதிவு கெட்டதா, கருவி பொய் சொல்கிறதா என்று பார்த்துவிடலாம், வா" என்றார் மாமா.

பெரியில் பிறந்த எண்ணம்

பினாங்கில் வாழும் நமக்குப் பெரிப் பயணம் புதிதன்று. பழைய ஈரடுக்குப் பெரிகள் 2020-ஆம் ஆண்டு இறுதியோடு பயணிகள் சேவையிலிருந்து விலகின. 2023 ஆகஸ்டு முதல் புதிய பெரிகள் ஓடுகின்றன. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும் அந்தச் சிறு பயணத்தில் நாம் கடலைப் பார்ப்போம், கைப்பேசியைப் பார்ப்போம். ஆனால் இப்படிப்பட்ட ஒரு பெரிப் பயணத்தில்தான் இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய பொறியியல் எண்ணங்களுள் ஒன்று பிறந்தது.

ஹெரால்டு பிளாக் என்னும் இளம் பொறியாளர் நியூயார்க்கில் பெல் ஆய்வகத்தில் வேலை செய்துவந்தார். நெடுந்தொலைவுத் தொலைபேசிக் கம்பிகளில் வழிநெடுக மின்பெருக்கிகளை வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பெருக்கியும் சிறிது பொய் சொல்லும். பொய்மேல் பொய் சேர்ந்து, மறுமுனையில் பேச்சே புரியாமற் போகும். பொய்யே சொல்லாத பெருக்கியைச் செய்ய அவர் பல ஆண்டுகள் முயன்று தோற்றார். 1927 ஆகஸ்டு 2-ஆம் நாள் காலை, அட்சன் ஆற்றைப் பெரியில் கடந்து வேலைக்குச் செல்லும்போது அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. கையிலிருந்த 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் பக்கத்திலேயே படத்தையும் சமன்பாட்டையும் எழுதினார்.

அவருடைய எண்ணம் இதுதான். பெருக்கியைக் குறையற்றதாகச் செய்ய முயல வேண்டாம். அது வெளியே விடும் ஒலியலையில் ஒரு சிறு பங்கை எடுத்து, உள்ளே கொடுத்த அலையோடு ஒப்பிடு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பெருக்கிக்குக் கொடு. எங்கே கூடுதலாகச் சொன்னதோ அங்கே குறையும். எங்கே குறைத்துச் சொன்னதோ அங்கே கூடும். இதுவே எதிர்ப் பின்னூட்டம்.

இதற்கு ஒரு விலை உண்டு. பெருக்கும் ஆற்றலில் பெரும் பகுதியை இழக்க வேண்டும். பத்து மடங்கு ஆற்றலை விட்டுக்கொடுத்தால் பொய்யும் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகக் குறையும். வலிமையைக் கொடுத்து உண்மையை வாங்குவது! அன்றைய அறிஞர் பலரால் இதை நம்ப முடியவில்லை. பிளாக்கின் அமெரிக்கக் காப்புரிமை 1937 டிசம்பரில்தான் கிடைத்தது. பெரியில் எழுதிப் பத்தாண்டுகளுக்குப் பிறகு!

கூம்பின்மேல் ஒரு காது

பிளாக் திருத்தியது மின்பெருக்கியை. ஆனால் மின்பெருக்கி எவ்வளவு உண்மை பேசினாலும், அதன் பின்னால் இருக்கும் கூம்பு பொய் சொன்னால் என்ன பயன்? கூம்பின் அசைவையே அளந்து பின்னூட்டமாகத் தர வேண்டும். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கிளாசன், டி கோனிங் என்னும் இருவர் 1968-இல் தங்கள் நிறுவனத்தின் ஆய்விதழில் இதற்கான வழியை விளக்கினர். 1970-களில் இம்முறையில் அமைந்த பிலிப்ஸ் ஒலிபெருக்கிகள் கடைக்கு வந்தன. பெட்டிக்குள்ளேயே மின்பெருக்கி; கூம்பின் நடுவே ஒரு சிறிய உணரி.

அந்த உணரி அழுத்தமின் படிகவகையைச் சேர்ந்தது. அதை அழுத்தினால் மின்னழுத்தம் தரும். கூம்பு விரைந்து திரும்பும்போதெல்லாம் அந்தத் திருப்பத்தின் வேகமாற்றத்தை, அதாவது முடுக்கத்தை, அது மின்னழுத்தமாக மாற்றிச் சொல்லும். தாழ்ந்த ஒலிகளில் காற்றில் பிறக்கும் ஒலியழுத்தமும் கூம்பின் முடுக்கத்தையே பின்பற்றுகிறது. ஆகவே உணரி சொல்வது, ஏறக்குறைய நம் காது கேட்கப்போகும் ஒலியைத்தான்.

"மண்டபத்தின் நடுவில் ஓர் ஒலிவாங்கியை வைத்து ஒப்பிட்டால் போதாதா? எதற்குக் கூம்பின்மேல் ஒட்ட வேண்டும்?" என்று கேட்டேன்.

மாமா ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். ஒலிவாங்கி 3.4 மீட்டர் தொலைவில் இருந்தால் செய்தி வந்து சேர நூறில் ஒரு நொடி ஆகும். 50 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாக அரைச் சுற்று. மேலே போயிருக்கிறாய், கீழே வா என்ற செய்தி வந்து சேரும்போது கூம்பு ஏற்கெனவே கீழே இருக்கும். அதை இன்னும் கீழே தள்ளிவிடும். திருத்த வந்தது தவற்றை வளர்த்துவிடும். "காலம் தவறிய எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாக மாறிவிடும், மாப்பிள்ளை. உன் மண்டபத்து ஊளைதான் மிஞ்சும்." பின்னூட்டச் சுற்று எப்போது நிலைத்து நிற்கும், எப்போது ஊளையிடும் என்பதை 1932-இல் ஹாரி நைக்குவிஸ்டு கணிதமாக வகுத்துத் தந்தார்.

முதல் முயற்சி, இரண்டாம் முயற்சி

மாமா ஓர் எட்டு அங்குல ஒலிபெருக்கியை எடுத்தார். பழைய அழைப்பொலிக் கருவி ஒன்றிலிருந்து நாணயம் அளவுள்ள படிகத் தகட்டைப் பிரித்து, கூம்பின் நடுவில் ஒட்டினார். மெல்லிய கம்பிகளை வெளியே கொண்டுவந்து ஒப்பிடும் சுற்றில் இணைத்தார். பின்னூட்டத்தை முழு அளவுக்குத் திருப்பினார். காதைத் துளைக்கும் கீச்சொலி! அணைப்பதற்குள் சுருள் கருகிய வாடை அடித்தது.

"எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தப் பார்த்தேன். அதனால் வந்தது" என்றார். உயர்ந்த அதிர்வெண்களில் கூம்பு ஒரே பொருளாக அசைவதில்லை. நடுப்பகுதி ஒருபுறமும் விளிம்பு மறுபுறமும் போகும். நடுவில் இருக்கும் உணரியின் சொல்லை அங்கே நம்ப முடியாது. ஆகவே இரண்டாம் முயற்சியில், வேறோர் ஒலிபெருக்கியை எடுத்து, 200 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலிகளை மட்டும் திருத்துமாறு வடிகட்டி அமைத்தார். பின்னூட்டத்தின் அளவையும் குறைத்தார். இம்முறை ஊளையில்லை. அலைகாட்டியில் 40 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்தோம். பின்னூட்டம் இல்லாதபோது உச்சிகள் தேய்ந்து தட்டையாக இருந்தன. இணைத்ததும் அவை உருண்டு திரண்டன.

பிறகு தந்தையாரின் நாடாவை ஓடவிட்டார்.

நான் எதிர்பார்த்தது ஒன்று, கேட்டது வேறு. ஒலி பெரிதாகவில்லை, சிறியதாயிற்று. தகரப்பெட்டியின் முழக்கம் போய்விட்டது. இடக்கை தொப்பியில் விழுவதும், விழுந்த கை தோலை அழுத்தி ஒலியை மேலே வளைப்பதும், கை எடுத்ததும் ஒலி உடனே அடங்குவதும் தனித்தனியாகக் கேட்டன. அடங்க வேண்டிய இடத்தில் அடங்கியது. அப்பாவின் கைதான். நான் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. மாமாவும் பேசவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாடாவின் அடியில் ஓடிய மின்கம்பி இரைச்சல் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. பின்னூட்டம் ஒலிபெருக்கியின் பொய்யைத்தான் நீக்கும். பதிவில் உள்ள குறையை நீக்காது. கூடத்துச் சுவர்கள் எழுப்பும் எதிரொலியையும் நீக்காது. உண்மை பேசும் கருவி, கொடுத்ததை உள்ளபடி சொல்லும், அவ்வளவுதான்.

சரக்கறையின் விளிம்பில்

அன்றிரவு வீடு திரும்பும்போது தந்தையாரின் வேலை என் நினைவுக்கு வந்தது. அவர் மூட்டை தூக்கியவர் அல்லர். கப்பலின் மேற்தளத்தில், சரக்கறையின் திறந்த வாயருகே நின்று கைச்சைகை காட்டுபவர். வின்ச் பொறியை இயக்குபவருக்குச் சரக்கறைக்குள் நடப்பது தெரியாது. கீழே ஆட்கள் நிற்பார்கள். மேலேயிருந்து கனத்த சரக்குக் கட்டு இறங்கும். இயக்குபவரின் கண் என் தந்தையாரின் கைதான். இறக்கு, மெதுவாக, நிறுத்து. எல்லாம் விரலசைவில். ஒரு நொடி தாமதித்தால் கீழே ஓர் உயிர்.

சிறுவனாக இருந்தபோது அவரிடம் கேட்டிருக்கிறேன், "ஏனப்பா அவ்வளவு ஓரத்தில் நிற்கிறீர்கள்?" என்று. "தள்ளி நின்றால் பார்த்ததைச் சொல்வதற்குள் கட்டு வேறு இடத்துக்குப் போய்விடும்" என்றார். கட்டு ஊசலாடத் தொடங்கினால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். "பதறக் கூடாது. பதறிக் கையை வீசினால் அவனும் பதறி இழுப்பான், இன்னும் ஆடும். சின்னதாகக் காட்ட வேண்டும், சரியான நேரத்தில் காட்ட வேண்டும்" என்றார்.

கூம்பின்மேல் ஒட்டிய அந்தப் படிகத் தகடு செய்ததும் இதே வேலைதான். அருகில் நின்றது; உடனே சொன்னது; அளவோடு சொன்னது.

என் வகுப்பறை

இப்போது அந்த மாணவனிடம் வருகிறேன். அவன் மேடையிலிருந்து இறங்கியதற்கு ஊளை மட்டுந்தானா காரணம்? என் மனம் ஒப்பவில்லை. அவனுக்கு ழகரம் வராது; 'மழை' என்பதை 'மளை' என்பான். அந்த மூன்று வாரப் பயிற்சியில் நான் ஒவ்வொரு ழகரத்துக்கும் அவனை நிறுத்தினேன். ஏற்றம் சரியில்லை என்று நிறுத்தினேன். கை அசைவு சரியில்லை என்று நிறுத்தினேன். எல்லாம் முழு வகுப்பின் முன்னால். அதே வேளையில் அவனுடைய கட்டுரை ஏட்டைத் திருத்திக் கொடுக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். எழுதியது என்னவென்றே அவன் மறந்த பிறகு சிவப்பு மையில் பதினேழு திருத்தம்!

உடனே வேண்டியது தாமதமாயிற்று. அளவோடு வேண்டியது மிகையாயிற்று. மாமாவின் முதல் ஒலிபெருக்கியைப் போல் நான் அவனைக் கருக்கியிருக்கிறேன். ஊளை வெறும் கடைசித் தள்ளல்.

2021-இல் யூபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். படிவங்களை நிரப்புகிறோம். ஆனால் அளந்ததை மாணவனிடம் எப்போது, எவ்வளவு, எப்படித் திருப்பிச் சொல்கிறோம் என்பதில்தான் பயன் இருக்கிறது. ஆண்டிறுதியில் சொல்லும் குறை, மண்டபத்தின் மறுகோடியில் வைத்த ஒலிவாங்கி போன்றது.

அவனோடு நான் மறுபடியும் தொடங்கினேன். வகுப்பு முடிந்தபின் பத்து நிமிடம், அருகில் அமர்ந்து. ழகரம் ஒன்று மட்டும், வேறெதையும் தொடவில்லை. தவறினால் சொல்லவில்லை, மேசைமேல் விரலை மட்டும் சற்று உயர்த்தினேன். பிறகு அவன் வாசிப்பதைக் கைப்பேசியில் பதிந்து உடனே அவனுக்கே போட்டுக் காட்டினேன். இரண்டாம் நாள் அவன் சொன்னான், "ஐயா, இது மழை இல்லை" என்று. எனக்குச் சிலிர்த்தது. உணரி இப்போது கூம்பின்மேலேயே ஒட்டிக்கொண்டது! இனி நான் அருகில் இல்லாவிட்டாலும் அவன் காது அவனுக்குச் சொல்லும்.

எனக்கும் ஒரு பாடம். பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் வள்ளுவர் மன்னனுக்கு இடித்துரைக்கும் துணை வேண்டும் என்கிறார். வகுப்பறையில் ஆசிரியரும் ஒரு சிறு மன்னரே. அவருக்கு யார் இடித்துரைப்பது? அந்த மாணவனின் மௌனந்தான் எனக்கு வந்த பின்னூட்டம். அதைக் கேட்க நான் தாமதித்துவிட்டேன்.

பள்ளிகளுக்குச் சில குறிப்புகள்

அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் முடிக்கக் கூடாதல்லவா? புது ஒலிபெருக்கி வாங்குமுன் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. ஒலிபெருக்கிகளை மேடைக்கு முன்னால், அவையை நோக்கி வையுங்கள். பேசுபவருக்குப் பின்னால் வைத்தால் ஊளை உறுதி.

2. ஒலிவாங்கியை வாயருகே பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். தொலைவு பாதியானால் ஒலிவாங்கிக்குள் நுழையும் குரலின் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகும். மின்பெருக்கியைக் குறைத்து வைக்கலாம், ஊளையும் அடங்கும். சிறுவர்களுக்குத் தாங்கியின் உயரத்தைக் குறைத்துக் கொடுங்கள்.

3. பயன்படுத்தாத ஒலிவாங்கிகளை அணைத்து வையுங்கள். பேச்சுக்குத் தாழ்ந்த ஒலிகளின் திருகைக் குறையுங்கள். சிறிய ஒலிபெருக்கி பொய் சொல்வது பெரும்பாலும் அங்கேதான்.

4. நீண்ட மண்டபங்களில் பின்சுவரில் பட்டுத் திரும்பும் குரல் பேசுபவரையே குழப்பும். தன் குரலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி தாமதமாகக் கேட்பவர், நன்றாகப் பேசுபவராயினும் திக்கிவிடுவார் என்று பெர்னார்டு லீ 1950-இல் காட்டினார். போட்டிக்கு முன் பிள்ளைகளை ஒருமுறையாவது அதே மண்டபத்தில், அதே கருவியில் பேசவிடுங்கள்.

பின்னூட்டம் உள்ள ஒலிபெருக்கிகள் இன்றும் கிடைக்கின்றன. 1983-இல் தொடங்கிய வெலோடைன் போன்ற நிறுவனங்கள் தாழ்ந்த ஒலிக்கென்றே அவற்றைச் செய்து புகழ்பெற்றன. நம் கைப்பேசிகள் பலவற்றில்கூட, சுருளில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து கூம்பு எவ்வளவு அசைகிறது என்று கணித்துக் காக்கும் சில்லுகள் இருக்கின்றன. ஆனால் பள்ளி மண்டபத்துக்கு அவ்வளவு செலவு வேண்டியதில்லை. பெற்றோர் திரட்டித் தர முன்வந்த பணத்தை நூலகத்துக்குக் கேட்டிருக்கிறோம்.

கடந்த மாதம் சபைகூடலில் அந்த மாணவன் இரண்டே வரி வாசித்தான். ஒலிவாங்கியை வாயருகே பிடித்தான், ஊளை வரவில்லை. இரண்டாம் வரியில் ஒரு ழகரம் தவறியது. நான் கையை உயர்த்தவில்லை. அவனே நின்றான், அந்தச் சொல்லை மறுபடியும் சரியாகச் சொன்னான், மேலே வாசித்து முடித்தான்.

நாம் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம்? எவ்வளவு விரைவாக, எவ்வளவு அளவோடு சொல்கிறோம்? சிந்திப்போம்.